சீனாவை விட்டுக் கிளம்பும் ஷூ ஆர்டர்கள்: சோளிங்கர், ஆம்பூர் பக்கம் வருவது வெறும் வேலையா, தொழிலா?

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயிலில் அரக்கோணம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சோளிங்கர் ஸ்டேஷன் வரும். பெயர்தான் சோளிங்கர். ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில். நரசிம்மர் மலைக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கி பஸ் பிடிக்கணும். இறங்காமல் அதே ரயிலில் உட்கார்ந்திருந்தால் வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் வரிசையாக வரும். பல தலைமுறைகளாகத் தோலும் ஷூவும் சோறு போட்ட ஊர்கள் இவை.

இப்போது இந்தத் தண்டவாளத்துக்குத் தெற்கே, நெமிலி வட்டத்தில் இருக்கும் பனப்பாக்கம் சிப்காட் பற்றித்தான் ராணிப்பேட்டை மாவட்டம் முழுக்கப் பேச்சு. தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ குழுமத்தின் காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே அடிக்கல் நாட்டினார். முதலீடு ரூ.1,500 கோடி, வேலைவாய்ப்பு 25,000 பேருக்கு என்று அரசு அறிவித்தது. ஆனால் அங்கே தயாராகப் போகும் ஷூவில் தோல் கிடையாது.

தோலுக்குப் பேர் போன மாவட்டத்துக்குத் தோல் இல்லாத ஷூ ஏன் வருகிறது? தைவான் கம்பெனி ஏன் வருகிறது? இதுக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம்? சோளிங்கர் சுற்றுவட்டாரத்துக்கு இதனால் லாபமா, சிக்கலா? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா…

• உலகத்தில் தயாராகும் காலணிகளில் பாதிக்கும் மேல் சீனாவில்தான் தயாராகிறது.

• கூலி உயர்வு, அமெரிக்க வரி, அரசியல் உரசல் காரணமாக ஆர்டர்களில் ஒரு பகுதி சீனாவை விட்டு வெளியேறுகிறது. அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வருகிறது.

• ஆனால் அந்த ஷூவுக்கான மெஷின், அச்சு, மூலப்பொருள், தொழில்நுட்பம் ஆகியவற்றில் பெரும்பகுதி இன்னும் சீனாவையும் தைவானையும் சார்ந்தே இருக்கிறது.

• தைத்து ஒட்டும் வேலையோடு நிற்கப் போகிறோமா, தொழிலையே கற்றுக்கொள்ளப் போகிறோமா என்பதுதான் இந்தப் பகுதியின் முன்னால் உள்ள கேள்வி.

சீனா உலகத்துக்கே ஷூ மாட்டிவிட்டது எப்படி?

இந்தக் கதை தைவானில் ஆரம்பிக்கிறது. 1970களில் மேற்கத்திய நாடுகளின் பெரிய ஷூ பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்தவர்களில் தைவான் கம்பெனிகள் முக்கியமானவர்கள். 1980களின் பிற்பாதியில் தைவானில் கூலி ஏறியது, நாணய மதிப்பும் ஏறியது. அப்போதுதான் சீனா கதவைத் திறந்திருந்தது. தைவான் முதலாளிகள் கடலைத் தாண்டி குவாங்டாங், ஃபூஜியான் மாகாணங்களுக்குப் போனார்கள். மொழி ஒன்று, கூலி குறைவு, நிலத்துக்கும் கஷ்டம் இல்லை.

ஆரம்பத்தில் சீனா செய்ததும் கூலி வேலைதான். டிசைன் அமெரிக்காவுடையது, மெஷின் தைவானுடையது, கைகள் மட்டும் சீனாவுடையது. பத்து இருபது ஆண்டுகளில் நிலைமை மாறியது. பெரிய ஆலையைச் சுற்றி சோல் அடிக்கிறவர், லேஸ் பின்னுகிறவர், பசை காய்ச்சுகிறவர், அச்சு வெட்டுகிறவர் என்று நூற்றுக்கணக்கான சின்னக் கம்பெனிகள் முளைத்தன. ஷூவுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே வட்டாரத்தில் கிடைக்க ஆரம்பித்தது.

2001 டிசம்பர் 11-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதன் பிறகு தடுக்க ஆள் இல்லை. ஐரோப்பிய யூனியன் பயந்துபோய் 2006-ல் சீன, வியட்நாம் தோல் ஷூக்கள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டுப் பார்த்தது. 2011-ல் அதையும் எடுத்துவிட்டது. இன்று உலக உற்பத்தித் துறையின் மொத்த மதிப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் சீனாவுடையது.

இதில் கவனிக்க வேண்டிய உதாரணம் ஃபூஜியானில் உள்ள ஜின்ஜியாங் என்ற ஊர். ஆம்பூர் மாதிரியே ஷூவால் பேர் வாங்கிய ஊர். அங்கே 1991-ல் தொடங்கிய அன்டா என்ற கம்பெனி முதலில் மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்தது, பிறகு சொந்த பிராண்டை வளர்த்தது. 2019-ல் ஒரு முதலீட்டுக் கூட்டணிக்குத் தலைமை தாங்கி, சாலமன், வில்சன் போன்ற பிராண்டுகளை வைத்திருந்த ஃபின்லாந்தின் அமர் ஸ்போர்ட்ஸையே வாங்கியது. கூலிக்குத் தைத்தவர் கடையையே வாங்கிவிட்டார். ஒரு நாட்டின் பொருளாதாரச் செல்வாக்கு வளர்வதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

அதே காலத்தில் ஆம்பூர் என்ன செய்துகொண்டிருந்தது?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாக 2019-ல் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டம், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்து வந்தது. பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிட்ட தோல். அதை வாங்கி ஷூ, கைப்பை செய்து லாபம் பார்த்தது ஐரோப்பா.

1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு முக்கிய முடிவெடுத்தது. சீதாராமையா கமிட்டி பரிந்துரைப்படி, பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு. "தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு" என்பதுதான் அதன் சாரம். அப்போது எதிர்ப்பு வந்தது. ஆனால் அந்த முடிவுதான் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தோல் ஷாப்பில் இருந்து ஷூ கம்பெனிக்கு நகர்த்தியது. முதலில் ஷூவின் மேல்பாகமான அப்பர் மட்டும் தைத்தார்கள், பிறகு முழு ஷூவும் தைத்தார்கள். வீட்டை விட்டு வேலைக்குப் போகாத ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தது அந்த மாற்றத்தால்தான்.

இதற்கு இந்த மண் கொடுத்த விலையும் பெரியது. பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்த டேனரிக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றிய வழக்குகளில் இது முக்கியமானது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாலாற்றைச் சீரமைக்கவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவும் குழு அமைக்க உத்தரவிட்டது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவு ஒரு பக்கம், சீனாவின் மலிவு விலை இன்னொரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது சின்ன டேனரிகள்தான். இந்தியாவின் தோல், தோல் பொருள் ஏற்றுமதி 2014-15-ல் 600 கோடி டாலரைத் தாண்டியது. பத்து ஆண்டு ஆகியும் அந்த உயரத்தை மறுபடி எட்ட முடியவில்லை.

உலகம் தோலை விட்டு ஏன் நகர்ந்தது?

உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் காலணிகளைப் பாருங்கள். தோல் ஷூ எத்தனை ஜோடி இருக்கு? ஸ்போர்ட்ஸ் ஷூ, ரப்பர் கிளாக்ஸ், சிந்தெட்டிக் செருப்புதான் அதிகம் இருக்கும். உலகம் முழுக்க இதே கதைதான். ஆபீசுக்கே ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு போகிற காலம் வந்துவிட்டது. உலகச் சந்தையின் பெரும்பகுதி இன்று தோல் அல்லாத காலணிகள்.

ஆம்பூர் பலமாக இருந்தது ஐரோப்பியத் தோல் ஷூவில். சந்தை வளர்ந்தது ஸ்போர்ட்ஸ் ஷூவில். அந்த இடத்தை முழுசாகப் பிடித்தது சீனா, அடுத்து வியட்நாம். உலகிலேயே காலணி உற்பத்தியில் இரண்டாவது இடம் இந்தியாவுக்கு. ஆனால் செய்வதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுப் போகிறது. உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு 2 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது.

அப்போ ஆர்டர் ஏன் இப்போ சீனாவை விட்டுக் கிளம்புது?

மூன்று காரணங்கள்.

முதலாவது, கூலி. தைவானில் நடந்தது சீனாவிலும் நடந்தது. நாடு வளர வளர தொழிலாளர்கள் கேட்கவும் ஆரம்பித்தார்கள். 2014 ஏப்ரலில் டோங்குவான் நகரில் யூ யுவென் ஷூ ஆலையில் பத்தாயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை, சட்டப்படி கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகையை முழுசாகக் கட்டணும் என்பதுதான். சீனா கண்ட பெரிய வேலைநிறுத்தங்களில் அது ஒன்று.

இரண்டாவது, அமெரிக்கா. 2018-ல் ட்ரம்ப் தொடங்கிய வர்த்தகப் போர், 2025-ல் உச்சத்துக்குப் போனது. அந்த ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 145 சதவீதம் வரை ஏறி, மே மாதம் 30 சதவீதத்துக்கு இறங்கியது. நாளைக்கு என்ன வரி என்று தெரியாத இடத்தில் ஆறு மாதத்துக்கு ஆர்டர் கொடுக்க எந்த பிராண்டுக்கும் தைரியம் வராது.

மூன்றாவது, கொரோனா. ஒரே நாட்டை நம்பினால் அந்த நாடு மூடும்போது கடையும் மூடும் என்ற பாடத்தை எல்லோரும் கற்றார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் 'சீனா பிளஸ் ஒன்' என்ற சொல். அதாவது, சீனாவை விட்டு ஓடிவிடுவதல்ல. சீனாவும் இருக்கட்டும், கூடவே இன்னொரு நாடும் இருக்கட்டும் என்பதுதான். ஷூவில் அந்த இன்னொரு நாடாக முதலில் ஆனது வியட்நாம். நைக்கியின் 2024 நிதியாண்டுக் கணக்குப்படி அதன் காலணிகளில் பாதி வியட்நாமில் தயாரானது. இந்தோனேசியா 27 சதவீதம், சீனா 18 சதவீதம். இப்போது வியட்நாமிலும் கூலி ஏறுகிறது, ஆள் கிடைப்பது கஷ்டமாகிறது. அதனால் அடுத்த நிறுத்தம் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் யார், எங்கே வருகிறார்கள்?

இது திடீரென்று நடந்ததல்ல. தைவானின் ஃபெங் டே குழுமம் 2000களின் மத்தியிலேயே செய்யாறு சிப்காட்டுக்கு வந்து, நைக்கிக்கு ஷூ செய்ய ஆரம்பித்துவிட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெண்கள் வேலைக்குப் போவது அங்கே வழக்கமான காட்சி ஆனது. செய்யாறில் வெற்றி கிடைத்ததால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி மற்றும் தோல் பொருட்களுக்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. ரூ.20,000 கோடி முதலீடு, 2 லட்சம் பேருக்கு வேலை என்பது அதன் இலக்கு. அந்தச் சமயத்தில் தொடங்கி வந்த முக்கிய அறிவிப்புகள்:

• பனப்பாக்கம், ராணிப்பேட்டை: ஹாங் ஃபூ, ரூ.1,500 கோடி.

• உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி: பௌ சென் குழுமம், ரூ.2,302 கோடி, 20,000 வேலை. 2023 ஏப்ரலில் ஒப்பந்தம்.

• ஜெயங்கொண்டம், அரியலூர்: தைவானின் டீன் ஷூஸ், ரூ.1,000 கோடி, 15,000 வேலை. 2024 நவம்பரில் அடிக்கல்.

• எறையூர், பெரம்பலூர்: கிராக்ஸ் காலணிகளுக்காக ஃபீனிக்ஸ் கோத்தாரி ஆலை. 2023-ல் திறப்பு.

இந்த எண்கள் எல்லாம் அறிவிப்பின்போது சொன்ன மொத்தக் கணக்கு. ஆலை ஓட ஆரம்பித்து, படிப்படியாக ஆள் எடுத்து, பல ஆண்டுகளில் எட்ட வேண்டியவை. இதை மனதில் வைத்துத்தான் வாசிக்கணும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. வருகிற பெரிய கம்பெனிகளில் பெரும்பாலானவை தைவானுடையவை, சீனாவுடையவை அல்ல. இந்தியாவுடன் நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்று 2020 ஏப்ரலில் மத்திய அரசு விதி போட்டது. அதே ஆண்டு ஜூனில் கல்வான் மோதல் நடந்த பிறகு சீன முதலீட்டுக்கான கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது.

ஆர்டர் வந்துவிட்டது, சீனா போய்விட்டதா?

இல்லை. முதலாளி சீனாவைச் சேர்ந்தவர் இல்லை என்பதால் சீனாவுக்கு இதில் பங்கே இல்லை என்று நினைத்தால் தப்பு.

ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பிரித்துப் பார்த்தால் புரியும். மேலே வலை மாதிரி இருக்கும் பாலியஸ்டர் துணி. அதற்குள் மெத்தென்ற நுரைத் துணி. காலுக்கு அடியில் ஸ்பாஞ்ச் போல அமுங்கும் ஈ.வி.ஏ. நடு சோல். தரையில் படும் ரப்பர் சோல். இவற்றை ஒட்டும் தனி ரகப் பசை. லேஸ், கண்ணி, லேபிள். ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சு. சோல் வார்க்கும் உலோக அச்சு. கம்ப்யூட்டர் தையல் மெஷின்.

இதில் தையல், ஒட்டுதல், பேக்கிங் வேலை தமிழ்நாட்டில் நடக்கும். துணி, வேதிப்பொருள், அச்சு, மெஷின் என்று வரும்போது இன்றைக்கும் பெரும்பாலும் சீனா, தைவான், வியட்நாம் பக்கம்தான் கை நீட்ட வேண்டியிருக்கிறது. ஆம்பூரில் தோல் ஷூ செய்யும் கம்பெனிகளுக்கும் இது புதுசில்லை. தோல் நம்முடையது என்றாலும் சோல், ஜிப், பக்கிள், லைனிங் துணி என்று பலதும் சீனாவிலிருந்து வந்து பழகிய பொருட்கள்.

நாட்டளவில் பார்த்தாலும் இதே படம்தான். 2024-25 நிதியாண்டில் இந்தியா சீனாவிடமிருந்து வாங்கியது 11,300 கோடி டாலருக்கும் மேல். விற்றது 1,400 கோடி டாலர் சொச்சம். பற்றாக்குறை ஏறக்குறைய 9,900 கோடி டாலர். சீனாவுக்கு மாற்றாக இந்தியா வளர வளர, அந்த வளர்ச்சிக்கே வேண்டிய பொருளை சீனாவிடம் வாங்குகிறது.

இந்தப் பிடி எப்போது வேண்டுமானாலும் இறுகும் என்பதற்கு 2025-லேயே இரண்டு உதாரணம் உண்டு. ஏப்ரலில் சில அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு போட்டது. அதிலிருந்து செய்யும் சின்னக் காந்தங்கள் கிடைக்காமல் இந்திய வாகனத் துறை பதறியது. அந்தப் பதற்றம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் அந்நியமில்லை. சோளிங்கரிலேயே வாகன உதிரிபாக ஆலை இருக்கிறது. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் ரூ.9,000 கோடி கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அடுத்து ஜூலையில், இந்தியாவில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தன் ஆலைகளில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கான சீன இன்ஜினியர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. மெஷின் இங்கே இருந்தாலும் அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

ஷூவில் அப்படி எதுவும் இதுவரை நடக்கவில்லை. நடக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பழைய தோல் தொழிலுக்கு இதுல என்ன இடம்?

ஸ்போர்ட்ஸ் ஷூ ஆலையில் 25,000 பேருக்கு வேலை கிடைத்தாலும், ராணிப்பேட்டையிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இருக்கும் தோல் ஷாப்புக்கு அதிலிருந்து ஒரு சதுர அடி ஆர்டர்கூட வராது. இரண்டும் ஒரே வட்டாரத்தில், ஒரே பெயரில் நடக்கும் இரண்டு வேறு தொழில்கள்.

இந்த நேரத்தில்தான் மத்திய அரசு ஐம்பது ஆண்டு பழைய நிலைப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், இறுதி மெருகு போடாத கிரஸ்ட் தோல் மீதான 20 சதவீத ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. கூடவே, குரோமியத்தில் பதனிட்டு ஈரமும் நீல நிறமுமாக இருக்கும் வெட் ப்ளூ தோலை இறக்குமதி செய்ய வரி இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. சின்ன டேனரிகள் ஏற்றுமதி செய்ய வசதி என்பது அரசு சொல்லும் காரணம்.

சின்ன டேனரி வைத்திருப்பவருக்கு இது உடனடி நிம்மதி. உள்ளூரில் ஆர்டர் இல்லாத மாதத்தில் வெளிநாட்டுக்காவது விற்கலாம். இந்தியத் தோலை வாங்கும் நாடுகளில் சீனாவும் உண்டு. ஆனால் பாதி பதனிட்ட தோல் வெளியே போனால், அதற்கு மேலே மெருகு போட்டு, வெட்டி, தைத்து, பெட்டியில் அடுக்கும் வேலையும் கூடவே போகும். அழுக்கு நீர் பாலாற்றுக்கு, லாபம் வெளிநாட்டுக்கு என்று ஆகிவிடக் கூடாது. 1970களில் எதைத் தடுக்கச் சட்டம் போட்டார்களோ, அது பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதைக் கவனிக்கணும்.

அமெரிக்க வரி என்ன கற்றுக்கொடுத்தது?

சீனாவுக்கு வரி ஏறினால் இந்தியாவுக்கு லாபம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் கணக்கு தலைகீழானது. ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்கள் மீது 25 சதவீதம். ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் இன்னொரு 25 சதவீதம். மொத்தம் 50. அதே நேரத்தில் வியட்நாமுக்கு 20 சதவீதம்தான்.

ஒரே மாதிரி ஷூ. வியட்நாமில் தைத்தால் 20, ஆம்பூரில் தைத்தால் 50. பிராண்டுகள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தாவது வாடிக்கையாளரைத் தக்கவைக்க வேண்டிய நிலைக்குப் போயின.

வரி விகிதம் ஏறும், இறங்கும். பேச்சுவார்த்தையில் மாறும். ஆனால் அந்த மாதம் காட்டிய உண்மை மாறாது. இன்னொரு நாட்டின் சண்டையால் வருகிற ஆர்டர், இன்னொரு நாட்டின் கோபத்தால் போகவும் செய்யும்.

ஆறுதலான பக்கமும் உண்டு. இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் 2025 ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. காலணி, தோல் பொருட்கள் அதில் பலன் பெறும் துறைகள். ஆம்பூரின் பழைய வாடிக்கையாளர் ஐரோப்பாதான் என்பதால், அந்தப் பக்கம் கதவு அகலமாகத் திறப்பது இந்தப் பகுதிக்கு அமெரிக்காவைவிட முக்கியம்.

சரி, சோளிங்கர் பக்கத்து வீடுகளுக்கு இதனால் என்ன?

நிச்சயமாக வேலை உண்டு. அதுவும் பெரும்பாலும் பெண்களுக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற பெண்ணுக்கு, பக்கத்திலேயே வேலை கிடைத்தால் தினமும் சில மணி நேரம் மிச்சம். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையைத் தொடர முடியும். சொந்தப் பெயரில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கையில் மாதச் சம்பளம். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய விஷயங்கள் இவை. வெறும் கூலி வேலைதானே என்று ஒதுக்கித் தள்ள முடியாது.

ஆனால் ஷூ தொழிலின் பாதையை மறக்கக் கூடாது. தைவான், பிறகு சீனா, பிறகு வியட்நாம், இப்போது தமிழ்நாடு. கூலி எங்கே குறைவோ அங்கே கூடாரம் அடித்து, அங்கேயும் ஏறியதும் அடுத்த ஊருக்கு நகர்வது இந்தத் தொழிலின் பழக்கம். ஒரு நாள் இங்கிருந்தும் கிளம்புவார்கள். அப்போது கையில் என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும் காலம் இப்போதுதான்.

தைவானை விட்டு ஆலை போனபோது தைவானிடம் தொழில்நுட்பமும் முதலும் மிஞ்சின. சீனாவை விட்டுத் தையல் வேலை கிளம்பும்போது சீனாவிடம் மெஷினும் மூலப்பொருளும் சொந்த பிராண்டுகளும் மிஞ்சுகின்றன. ராணிப்பேட்டைக்கு என்ன மிஞ்சும்?

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

சப்ளை கம்பெனிகள்: பெரிய ஆலைக்குப் பக்கத்தில் சோல், துணி, லேஸ், அச்சு செய்யும் சின்னக் கம்பெனிகள் வருகின்றனவா என்று பார்க்கணும். அவை வந்தால்தான் சங்கிலி இங்கே வேரூன்றியதாக அர்த்தம். எல்லாமே கண்டெய்னரில் வந்து இறங்கினால், இது தையல் கூடம் மட்டும்தான்.

ஆம்பூருக்குப் பங்கு: அரை நூற்றாண்டாக ஷூ செய்த அனுபவம் இங்குள்ள கம்பெனிகளிடம் இருக்கிறது. அவர்களில் சிலர் தோல் அல்லாத காலணிக்கும் வந்துவிட்டார்கள். சின்ன யூனிட்டுகள் அப்படி மாறக் கடனும் பயிற்சியும் கிடைக்கிறதா?

படிப்பு: 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறில் இருக்கிறது. கிண்டியில் காலணிப் பயிற்சி நிறுவனம், இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்புக் கல்லூரி. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு வசதி வேறெங்கும் இல்லை. சோளிங்கர், நெமிலி, ஆம்பூர் பிள்ளைகள் அங்கே டிசைனும் அச்சு வேலையும் கற்றுக்கொண்டு, அதே ஆலையில் இன்ஜினியராக நுழைகிறார்களா, ஹெல்பராகத்தான் நுழைகிறார்களா?

தண்ணீர்: ஸ்போர்ட்ஸ் ஷூவில் டேனரி அளவுக்குக் கழிவுநீர் வராது. ஆனால் பசை, கரைப்பான், நுரைத் துண்டு, ரப்பர் கழிவு உண்டு. பாலாறு ஏற்கெனவே ஒரு தொழிலுக்கு விலை கொடுத்துவிட்டது. இரண்டாவது தொழிலுக்கு முதல் நாளிலிருந்தே கணக்குக் கேட்கணும்.

கூலி: டோங்குவான் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தது, வேலை இல்லை என்று அல்ல, வேலை இருந்தும் உரிமை முழுசாகக் கிடைக்கவில்லை என்பதற்காக. 25,000 பேர் வேலை செய்யும் இடத்தில் சம்பளம், விடுதி, பஸ், ஓய்வு நேரம் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள் என்பது, எவ்வளவு கோடி முதலீடு என்பதைப் போலவே முக்கியமான கேள்வி.

சீனாவின் வளர்ச்சியை டிவி விவாதத்தில் எல்லைப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். சோளிங்கர் வட்டாரத்தில் அது காலை ஷிஃப்டுக்கு வரப் போகும் கம்பெனி பஸ்ஸில் தெரியும். அந்த பஸ்ஸில் ஏறும் பெண்ணின் மகள் பத்து வருஷம் கழித்து எந்த வேலைக்குப் போகிறாள் என்பதில் தெரியும், பனப்பாக்கம் இந்த மாவட்டத்துக்கு என்ன கொடுத்தது என்று.